நெல்வயல் நீரும் மெதேன் வாயுவும்

நெல்வயலில் எந்நேரமும் நீர் நிற்றல் வேண்டும் என்பது கமக்காரரின் பழைய வழக்கம். நீர் களையை அடக்குமாதலின் அவ்வழக்கம் காரணமற்றதன்று. ஆயினும், இடைவிடாது நீர் நிற்கும் மண்ணுள் ஒட்சிசன் செல்வதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோல், வேர் முதலியவற்றைச் சிதைத்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், இவ்வாயு புவியை வெப்பமாக்கும் ஆற்றல், அதே நிறையுள்ள காபனீரொட்சைட்டினதைவிட 25 மடங்கிற்கு மேற்பட்டது.

புவி வெப்பமடைந்து மழை தவறுமாயின், முதலில் நட்டமடைபவர் சிறு கமக்காரரே. எனினும், சுற்றாடலைக் காக்கும்பொருட்டு அவரே விளைவை இழத்தல் முறையன்று. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவெம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. கமக்காரரின் வருமானத்தைக் காக்கும் முறையே நிலைக்கும்.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய, மாறி மாறி நனைத்து உலர்த்தும் முறை அத்தகையது. அதன் செய்முறை வருமாறு:

1. 12 அங்குல நீளமும் 4 அங்குல அகலமுமுள்ள குழாயொன்றின் கீழ்ப்பாதியிற் பல துளைகள் இடுக. அப்பாதியை வயலில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை அகற்றுக. குழாயினுள் தெரியும் நீர்மட்டமே வயலின் நீர்மட்டமாகும்.

2. நாற்று நட்டு இரு வாரத்தின் பின் தொடங்குக. களை மிகுந்திருப்பின் மேலும் இரு வாரம் பொறுத்தல் நன்று.

3. நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பிலிருந்து 6 அங்குலம் கீழிறங்கியதும், 2 அங்குல உயரத்திற்கு மீண்டும் நீர் பாய்ச்சுக.

4. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து பூத்து ஒரு வாரம் வரை வயலை உலரவிடலாகாது. விடின் பதர் மிகும்.

5. யூரியாவை நீர் பாய்ச்சுவதற்குச் சற்று முன்னரே இடுக. இல்லையேல் நைதரசனின் ஒரு பகுதி காற்றிற் கலந்து வீணாகும்.

இவ்வாறு செய்யின் விளைவு குன்றாது; மெதேன் ஏறத்தாழப் பாதியாகும்; பாசன நீரில் 30 சதவீதம் வரை மிஞ்சும். நீர்ப்பம்பி வைத்திருப்போருக்கு எரிபொருட் செலவு குறையும். குளத்து நீர் பெறுவோர் மிச்சப்படுத்தும் நீர் வாய்க்காலின் கடைக்கோடி வயல்களுக்குச் சென்று சேரும். ஆதலின், போகத் தொடக்கக் கூட்டத்தில் யாவரும் ஒருங்கே தீர்மானித்தல் வேண்டும்.

அடுத்த முறை நீர் கிடைப்பது உறுதியில்லாத வயலில் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது. குளத்து நீர் முறைப்படி கிடைக்கும் என்பதை உறுதிசெய்த பின்னரே வயலை உலரவிடுக.