ஆங்கிலம் படிப்போம்: 'கொன்ட்ரிபியூட்'

கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் முதலில் படிக்கிற சொல் 'கிவ்'. யார் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது பொருந்தும். இம்முறை நாம் பார்க்கப் போவது 'கொன்ட்ரிபியூட்'. இதுவும் கொடுப்பதுதான், ஆனால் வேற மாதிரிக் கொடுப்பது.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மரண சகாய சங்கத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறோம். கோயில் திருவிழாவுக்கும் அப்படித்தான். இப்படிப் பலரும் அவரவர் பங்கைப் போட்டுப் பொதுக்காசு சேர்ப்பதுதான் 'கொன்ட்ரிபியூட்'. எழுத்தில் 'பங்களிப்புச் செய்தல்' என்பார்கள். 'பங்குக்காசு போடுறது' என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும்.

சொல்லும்போது நடுவிலுள்ள 'ட்ரி'யை அழுத்த வேணும். பின்னால் 'டு' வரும். 'வீ கொன்ட்ரிபியூட் டு த ஃபண்ட்' என்றால், நாங்கள் நிதிக்குப் பங்குக்காசு போடுகிறோம். 'ஹீ கேவ் மீ டென் ருபீஸ்' சரி. அதில் 'கேவ்' இருக்கும் இடத்தில் 'கொன்ட்ரிபியூட்டட்' போட்டால் பிழை.

காசே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது போன்ற மண்சரிவைப் பற்றி எழுதும்போது, 'ஹெவி ரெயின் கொன்ட்ரிபியூட்டட் டு த லேண்ட்ஸ்லைட்' என்று எழுதலாம். கடும் மழையும் ஒரு காரணம் என்பதே இதன் பொருள். மழை மட்டுமே காரணம் என்று ஆகாது. தமிழில் சொல்லும்போது அந்த 'உம்'மை விட்டுவிடக் கூடாது.

உண்மையில் நாம் இந்தச் சொல்லை எடுத்தது சம்பளத் துண்டுக்காகத்தான். சேமலாப நிதிக் கணக்கில் 'எம்ப்ளோயீ கொன்ட்ரிபியூஷன்', 'எம்ப்ளோயர் கொன்ட்ரிபியூஷன்' என்று இரண்டு வரும். முதல் சொல்லின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ஈ, ஈ என்று முடிந்தால் வேலை செய்கிற நாம். ஈ, ஆர் என்று முடிந்தால் வேலை கொடுக்கிற கம்பனி. நம் பங்கு 8 வீதம், கம்பனியின் பங்கு 12 வீதம். நிதிக்குக் கணக்கெடுக்கும் சம்பளம் 20,000 ரூபா என்றால் நாம் 1,600, கம்பனி 2,400, மொத்தம் 4,000 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி போடவேண்டிய 3 வீதம், அதாவது 600 ரூபா, இதற்கு வெளியே.

"கம்பனி சும்மா குடுக்குது" என்று சிலர் சொல்வதுண்டு. தானம் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'டொனேட்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. துண்டில் அது இல்லை. கம்பனி தன் 12 வீதத்தை நம் சம்பளத்தில் வெட்டவும் சட்டம் இடம் தராது. இரு பங்கும் அடுத்த மாதம் முடியுமுன் நிதிக்குப் போக வேணும். துண்டில் வெட்டியிருப்பதை மட்டும் வைத்து, காசு போய்ச் சேர்ந்தது என்று நம்ப முடியாது. நிதியின் கணக்குக் கூற்றோடு ஒத்துப் பாருங்கள். குறைந்தால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். பெண்கள் 50, ஆண்கள் 55 வயதில் எடுக்கிற காசு இது. அதுவரை துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் இந்த மாதத் துண்டைக் கொடுத்து, நம் பங்கு எது, கம்பனி பங்கு எது என்று கேளுங்கள். பிறகு இதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: 'மை மதர் கொன்ட்ரிபியூட்ஸ் டு த ஃபண்ட் எவ்ரி மந்த்.'