பின்னேரப் பசிக்கு என்ன தின்னலாம்?

கேள்வி: கந்தோர் வேலை. பின்னேரம் தேநீரோடு ரோல்ஸோ வடையோ வேண்டும். நிறை கூடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பசிப்பது குற்றமில்லை, சகோதரி. முதலில் தேநீரைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு 3 கரண்டி, நாளுக்கு 4 கோப்பை என்றால் 48 கிராம். சீனி மட்டுமே 190 கலோரி! எனக்கு ரோல்ஸைவிட இதுதான் கவலை. சோடாவும் அப்படியே, போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் சீனி அதிகம்.

ரோல்ஸுக்குப் பதில் அவித்த பயறோ கடலையோ, கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு. பனங்கிழங்குக் காலத்தில் அதுவே போதும், நார்ச்சத்து நிறைந்தது. முல்லைத்தீவு மண்ணில் விளையும் கச்சானும் நல்லதுதான். ஆனால் வறுத்த கச்சான் 100 கிராமில் 570 கலோரிக்கு மேல் உண்டு. ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு சரையை மடித்து வையுங்கள். நாளைக்கே சீனியில் ஒரு கரண்டியைக் குறையுங்கள்.