ஏடும் திரையும்: எல்லைப்புற வாசகர் வட்டம் நூல் தேரும் நெறி

முன்னுரை

கதை கேட்பதில் விருப்பமில்லாத மனிதர் இலர். அக்கதையை ஏட்டில் படிப்பவர் சிலர். திரையில் காண்பவர் பலர். கல்லூரிகளில் வாசகர் வட்டம் அமைக்க முற்படும்போது, “படமாக வந்த கதைகளை எடுத்துக்கொண்டால் எல்லோரும் வருவார்கள்” என்று மாணவர் கூறுவதும், “படம் பார்த்தபின் புத்தகம் எதற்கு?” என்று வேறு சிலர் வினவுவதும், “புதினமும் வேண்டாம், படமும் வேண்டாம்” என்று பெரியவர்கள் தயங்குவதும் இயல்பாக நிகழ்வனவாகும். இம்மூன்று கருத்துகளையும் எடைபோட்டு, ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்து மாணவர்க்கு ஏற்றதொரு தேர்வு நெறியை வகுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வட்டாரத்தில் இவ்வினாவிற்குத் தனிச்சிறப்பு உண்டு. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் பல மாவட்டத்தவரும் பல மொழியினரும் இங்குக் குடியேறினர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பட்டம் பெற்றதும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் இளைஞர்க்கும், திருமணத்தோடு படிப்பை நிறுத்திவிடும் மாணவியர்க்கும் கல்லூரிக்குப்பின் நூல் படிக்கும் வாய்ப்பு அரிதாகிவிடுகிறது. ஆதலின் மூன்றாண்டுகளில் அவர்கள் கையில் நாம் எந்நூலைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே, பின்னாளில் அவர்கள் படிப்பதும் படிக்காதிருப்பதும் பெரிதும் அமையும்.

வாசகர் வட்டம்: மரபும் முன்னோடியும்

கூடியிருந்து படிப்பது நமக்குப் புதியதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒருவர் இசையோடு படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் அமர்ந்து கேட்ட வழக்கம் தமிழ் முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. நூறு மசலா போன்ற நூல்கள் வினாவும் விடையுமாகவே அமைந்தவை. எழுத்தறியாத தாய்மாரும் அவற்றைக் கேட்டே அறிந்தனர். எனவே வாசகர் வட்டம் என்பது நம் பாட்டனார் காலத்து வழக்கத்தின் புதுவடிவமே எனலாம்.

தற்காலத்தில் இப்பெயருக்குப் பெருமை சேர்த்தது சென்னையில் 1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தம் கணவருடன் நடத்திய ‘வாசகர் வட்டம்’ ஆகும். இவர் விடுதலைப் போராட்ட வீரர் தீரர் சத்தியமூர்த்தியின் மகள். உறுப்பினர்க்கு நல்ல நூல்களைத் தேர்ந்தெடுத்துச் செம்மையாக அச்சிட்டு வழங்குவது அவ்வமைப்பின் முறை. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ முதலியவை அதன் வாயிலாக வெளிவந்தன. அப்பொழுது அவை திரைப்படப் புகழால் அறியப்பட்டவை அல்ல. எழுத்தின் தகுதி ஒன்றே அளவுகோலாக இருந்தது. இன்றும் அவை படிக்கப்படுகின்றன. தேர்வு செம்மையாக அமையின் விளம்பரம் பின்னர் வரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் மண்ணில் ஒரு சான்று: திக்கற்ற பார்வதி

ஏட்டிலிருந்து திரைக்குச் சென்ற கதைகளைக் கற்பிக்க விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மூதறிஞர் இராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில் உள்ளது. அவர் எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ என்னும் கதை, சிங்கீதம் சீனிவாசராவின் இயக்கத்தில் 1974இல் திரைப்படமாயிற்று. லட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்த அப்படம் தொரப்பள்ளியிலேயே படமாக்கப்பட்டது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும் பெற்றது.

கணவன் குடிக்கு அடிமையாக, குடும்பம் கடனில் மூழ்க, அதன் முழுச்சுமையும் மனைவி பார்வதியின் தலையில் விழுவதே கதையின் கரு. இதனை எழுதியவர் வெறும் கதாசிரியர் அல்லர். 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தியவர். சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொணர்ந்தவர். அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1972இல் இராஜாஜி மறைந்தார். அவர் மறைவிற்குப்பின் அக்கதை திரையில் மீண்டும் பேசிற்று.

ஒரு வாசகர் வட்டத்திற்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் வேறில்லை என்பது என் கருத்து. கதை நிகழும் சூழல் மாணவர் அறிந்தது. அதன் சிக்கல் இன்றும் தொழிலாளர் குடியிருப்புகளில் தீராதது. மதுவை விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்த பெரியவர்களும் மறுக்கவியலாத பொருளுடையது. மேலும் கதை படித்து, அது படமான ஊரையும் நேரில் கண்டு, பின்னர்ப் படத்தையும் பார்க்கும் வாய்ப்பு எல்லாக் கல்லூரிக்கும் வாய்ப்பதன்று.

ஏடு திரையாகும் மூவகை

திரையாக்கத்தை ஆராயும் மாணவர் “படம் கதையைக் கெடுத்துவிட்டதா?” என்னும் ஒரே வினாவோடு நின்றுவிடுவது பொருந்தாது. திரையாக்கம் மூவகைப்படும் எனக் கொள்ளலாம்.

முதலாவது, ஏட்டை அடியொற்றுவது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை எழுப்பிய விவாதத்திலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் புதினம் பிறந்தது. அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஏ. பீம்சிங் இயக்கிய படத்திற்கு ஜெயகாந்தனே திரைக்கதை எழுதினார். சிறுகதை, புதினம், திரைப்படம் என ஒரே கரு மூன்று வடிவம் கொண்டதை இங்குக் காண்கிறோம். வகைமை பற்றிய பாடத்திற்கு இதுவே சிறந்த எடுத்துக்காட்டு.

இரண்டாவது, வித்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதுமரம் வளர்ப்பது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்னும் குறுநாவலிலிருந்து இயக்குநர் மகேந்திரன் 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ படத்தை உருவாக்கினார். குறுநாவலின் தலைப்பு சிற்றன்னையைச் சுட்ட, படமோ தந்தையின் கொடுமையை நடுவில் நிறுத்துகிறது. இரண்டும் தத்தம் அளவில் முழுமையானவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் குறைகூற இயலாது.

மூன்றாவது, நோக்குநிலையை மாற்றுவது. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகத் திரியும் பதினைந்து வயதுச் சிறுவனின் பக்கம் நின்று அக்கதை நகர்கிறது. அதனைத் தழுவி வெற்றிமாறன் 2019இல் எடுத்த ‘அசுரன்’ தந்தையைத் தலைவனாக்கி, அவனுக்கென ஒரு முற்காலக் கதையையும் சேர்த்தது. அதே இயக்குநரின் ‘விசாரணை’, கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் சிறைவாழ்வை எழுதிய ‘லாக்கப்’ நூலை அடிப்படையாகக் கொண்டு, பிற்பகுதியில் நூலுக்கு அப்பாலும் செல்கிறது. பிழைப்புக்காக ஆந்திரம் சென்ற தமிழ்த் தொழிலாளர் காவல் நிலையத்தில் பட்ட துன்பத்தை அந்நூல் பேசுகிறது. பிற மாநிலத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து வாழும் ஓசூரில், நாம் பிறரை எவ்வாறு நடத்துகிறோம் என்னும் வினாவை அது எழுப்பத் தவறாது.

எல்லைமொழிகளின் கொடை

எல்லைப்புறத்தார்க்கு இயற்கை அளித்த வாய்ப்பு அண்டை மொழிகள். கன்னட எழுத்தாளர் ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியின் ‘பரசங்கத கெண்டெதிம்ம’ என்னும் புதினம் கன்னடத்தில் படமாகி, 1979இல் தமிழில் ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’ ஆயிற்று. நகரத்துப் பொருள்களைக் கிராமத்திற்குச் சுமந்துவரும் எளியவன் ஒருவனின் வாழ்வை, அப்பொருள்களோடு நுழையும் புதுவாழ்க்கையே குலைக்கும் கதை அது. தொழிற்சாலை வந்தபின் தம் சிற்றூர்கள் மாறியதைக் கண்ணுற்ற ஓசூர் மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தமிழ்ப் படத்தை மட்டும் அறிந்த மாணவனும், கன்னடப் புதினத்தைப் படிக்க வல்ல மாணவனும் ஒரே வட்டத்தில் அமர்ந்தால் ஒருவர்க்கொருவர் ஆசிரியராவர்.

உருது மொழி பேசும் இல்லங்களிலிருந்து வரும் மாணவர்க்கும் இடம் வேண்டும். மிர்சா ஹாதி ருஸ்வாவின் ‘உம்ராவ் ஜான் அதா’ 1899இல் வெளிவந்த உருதுப் புதினம். 1981இல் முசாபர் அலி அதனைப் படமாக்கினார். இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவிய ‘கரம் ஹவா’, பிரிவினைக்குப்பின் ஆக்ராவில் வாழும் முஸ்லிம் குடும்பம் ஒன்றின் மனப்போராட்டத்தைக் காட்டுகிறது. அதனை இயக்கிய எம்.எஸ். சத்யு மைசூரைச் சேர்ந்தவர் என்பது நமக்கு அண்மையான செய்தி. வீட்டில் பேசும் மொழிக்கும் வகுப்பில் படிக்கும் மொழிக்கும் இடையே தயங்கி நிற்கும் மாணவர், தம் மொழியின் கதையைத் தமிழில் எடுத்துரைக்கும்போது தயக்கம் நீங்கப் பெறுவர்.

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் ‘மதிலுகள்’ குறிப்பிடத்தக்கது. சிறைமதிலுக்கு அப்பாலிருக்கும் பெண் அக்கதையில் குரலாக மட்டுமே வருகிறாள். 1990இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்திலும் அவள் முகம் காட்டப்படவில்லை. காட்டும் ஆற்றல் உடைய கலை, காட்டாமல் விடுவதால் ஏட்டுக்கு உண்மையாக நின்றது. இந்நுட்பத்தை உணர்த்தும் ஒரு மணிநேரம், இலக்கணமாகக் கற்பிக்கும் பல மணிநேரத்திற்கு ஈடாகும்.

தேர்வு நெறிகள்

மேற்கூறியவற்றால் வாசகர் வட்டத்திற்குப் பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1. நூலே முதலில், படம் பின்னர். படத்தை முதலில் கண்டவன் நடிகர் முகத்தையே எழுத்தில் காண்பான். தானே கற்பனை செய்யும் உரிமையை மாணவன் முதலில் பெறவேண்டும்.

2. சிறியதிலிருந்து பெரியதற்கு. முதலில் சிறுகதை, அடுத்துக் குறுநாவல், அதன்பின் புதினம். ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரு படங்களாக வந்தபின் பலரும் அதனை நாடினர், மகிழ்ச்சியே. எனினும் ஐந்து பாகங்களை முதல் மாதத்திலேயே மாணவன் கையில் கொடுத்தால், முடிக்க இயலாத நாணத்தால் இரண்டாம் மாதம் வாரான்.

3. வகைமை ஒன்றிலேயே தேங்கலாகாது. சமூகக் கதை, வரலாற்றுக் கதை, தன்வரலாறு, பயண நூல், மொழிபெயர்ப்பு ஆகியன மாறிமாறி வருதல் வேண்டும்.

4. படமான நூல்கள் பாதிக்கு மேற்படலாகாது. கவிதையும் கட்டுரையும் திரைக்கு எளிதில் வாரா. படத்தையே அளவுகோலாகக் கொண்டால் அவை விடுபட்டுப்போகும்.

5. படமாகாத நூலையும் திரைநோக்கில் ஆராய்க. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வந்தது. குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுமொழியே அதன் உயிர். “இதனைப் படமாக்கினால் எதனைப் பெறுவோம்? எதனை இழப்போம்?” என்று மாணவரை எழுதச் செய்யலாம்.

6. தேர்வில் மாணவர்க்குப் பங்கு வேண்டும். ஆசிரியர் ஆறு நூல்களை முன்மொழிய, மாணவர் அவற்றுள் மூன்றைத் தெரிவு செய்யட்டும். தாமே தெரிந்தெடுத்த நூலைப் பாதியில் விடுவோர் குறைவு.

பெரியவர்களின் தயக்கம்

புதினமும் திரைப்படமும் பிள்ளைகளைக் கெடுக்கும் என்னும் அச்சத்தை நகைத்து ஒதுக்குதல் முறையன்று. அதில் அன்பும் பொறுப்பும் உள்ளன. ஆனால் கைப்பேசி வழியே எல்லாப் படங்களும் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், பார்க்கலாமா கூடாதா என்பதைவிடத் தனியே பார்ப்பதா, வழிகாட்டியோடு சேர்ந்து பார்ப்பதா என்பதே உண்மையான வினா. வாசகர் வட்டத்தில் மாணவன் ஒரு காட்சியைக் கண்டு, “ஆசிரியர் இதை ஏன் இவ்வாறு எழுதவில்லை?” என்று கேட்கக் கற்கிறான். அவ்வாறு கேட்கக் கற்றவனைத் திரை எளிதில் மயக்காது. மேலும் கண்டதைச் சேர்ந்து உரையாடி நன்மை தீமை பகுத்துணரும் பழக்கம் அவனுக்குக் காப்பாகவும் அமைகிறது. ஆதலின் வட்டத்தின் கூட்டங்களுக்குப் பெற்றோரையும் ஜமாஅத் பெரியவர்களையும் அழைத்தல் நலம். நூறு மசலா கேட்டு வளர்ந்த தலைமுறையினரின் நினைவுகள், எந்த நூலகத்திலும் கிடைக்காத ஏடுகள்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திரைப்படம் நூலுக்குப் பகையன்று என்பதும், நூலின் இடத்தைப் பெறத்தக்கதுமன்று என்பதும் புலனாகும். நூல் தேர்வு வட்டாரத்தின் மண்ணில் வேரூன்றி, அண்டை மொழிகளில் கிளைவிட்டு, மாணவரின் வாழ்வில் கனிய வேண்டும். நமக்குத் தொடக்கமாகத் ‘திக்கற்ற பார்வதி’ இருக்கிறாள். அவள் துயரைப் படித்தறிந்த மாணவன் நாளை தொழிற்சாலை வாயிலிலும், மாணவி தன் இல்லத்திலும் வேறொரு பார்வதியைக் காண நேரும். அப்பொழுது அவளைத் திக்கற்றவளாக விட்டுச் செல்லாதிருக்கும் மனம் வாய்க்குமாயின் வட்டத்தின் பணி நிறைவேறியதாகும். ஓதுதலை முதற்கட்டளையாகப் பெற்ற மார்க்கத்தின் பெயரால் நடைபெறும் கல்லூரிகள் இப்பணியைத் தமதாகக் கொள்ள எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.