அளவறிந்து பறத்தல்

வழிநடையாகச் செல்வோர் கட்டுச்சோறு கொண்டு செல்வது பண்டைய வழக்கம். சோறு குறைந்தால் இடைவழியில் பசி வருத்தும். மிகுந்தால் சுமை தோளை வருத்தும். ஆதலின், செல்ல வேண்டிய தொலைவையும் இடையே உள்ள தங்குமிடங்களையும் எண்ணிப் பார்த்தே சோற்றின் அளவை முடிவு செய்வர். நிலத்தில் நடப்போர்க்குரிய இவ்வுண்மை வானில் பறப்போர்க்கும் பொருந்தும். விமானத்திற்கு எரிபொருளே கட்டுச்சோறு. அதன் அளவையும், பறக்க வேண்டிய உயரத்தையும் புறப்படுமுன்னரே கணக்கிட்டுத் துணிதல் விமானியின் முதற்கடமையாகும்.

வணிகரும் தொழிலதிபரும் தம் பணியின்பொருட்டு விரைந்து செல்லச் சிறிய ஜெட் விமானங்களைப் பயன்படுத்துகின்றனர். இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது அமெரிக்கராகிய பில் லியர் என்பாரின் முயற்சியால் உருவான லியர்ஜெட் ஆகும். அது 1963 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள் முதன்முதலாக வானில் எழுந்தது. இத்தகைய விமானங்கள் சிலர்க்கே இடமளிப்பன. எனினும், அவற்றுட் சில 51,000 அடி உயரம் வரையும் பறக்க வல்லன.

இத்துணை உயரம் செல்வது ஏன்? மேலே செல்லச் செல்லக் காற்று மெலிகின்றது. ஏறத்தாழ 36,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் நூற்றுக்கு 30 பங்கே. குளிரோ சுழிக்குக் கீழே 56 பாகை அளவாகும். மெலிந்த காற்று விமானத்தைக் குறைவாகவே தடுக்கின்றது. குளிர்ந்த காற்றில் ஜெட் பொறியும் சிக்கனமாக இயங்குகின்றது. ஆகவே, தாழப் பறக்குங்கால் செலவாகும் எரிபொருளைவிடக் குறைந்த அளவைக் கொண்டே அதே தொலைவைக் கடக்கலாம்.

அங்ஙனமாயின், எப்போதும் இயன்ற மட்டும் உயரப் பறப்பதே நன்றென்று கருதலாமோ? கருதலாகாது. நிறைந்த சுமையுடன் புறப்படும் விமானம் மிக உயர ஏற மாட்டாது. ஏறினும், அம்மெல்லிய காற்றில் வேகம் சற்றே குறைந்தால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். சற்றே மிகுந்தால் விமானம் அதிரத் தொடங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை அங்கே மிகக் குறுகியது. எரிபொருள் எரிந்து சுமை குறையக் குறைய, விமானம் படிப்படியாக மேலேறுவதே முறை. பயணம் குறுகியதாயின், உச்சியை அடைந்தவுடனேயே இறங்க நேரும். ஏறுதற்குச் செலவிட்ட எரிபொருளின் பயனும் முழுவதும் கிட்டாது.

காற்றின் திசையும் நோக்கற்பாலது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 1,600 கிலோமீட்டர் தொலைவை 2 மணியில் கடக்கும். 100 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்க்காற்று வீசினால், அதே தொலைவுக்கு ஏறத்தாழ 2 மணி 17 நிமிடம் ஆகும். ஆதலின், எதிர்க்காற்று கடுமையாயின் அது தணிந்துள்ள வேறோர் உயரத்தை விமானி தேர்ந்துகொள்வார். வானிலும் சாலை விதி உண்டு. பெரும்பாலான நாடுகளில், 29,000 அடிமுதல் 41,000 அடிவரை, கிழக்கு நோக்கிச் செல்வன 31,000, 33,000 என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்வன 32,000, 34,000 என இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறத்தல் வேண்டும்.

இனி எரிபொருட் கணக்கைக் காண்போம். ஒரு சிறு விமானம் புறப்பட்டு ஏறிப் பறந்து இறங்க 1,000 கிலோகிராம் எரிபொருள் வேண்டும் எனக் கொள்வோம். எதிர்பாராத இடையூற்றுக்காக அதில் நூற்றுக்கு 5 பங்கு, அஃதாவது 50 கிலோகிராம் சேர்க்க வேண்டும். சேருமிடத்தில் இறங்க இயலாவிடின் வேறொரு நிலையத்திற்குச் செல்ல 200. அங்கும் அரைமணி நேரம் வட்டமிடத் தக்க இறுதிக் கையிருப்பு 200. தரையில் ஊர்ந்து செல்ல 50. ஆக 1,500 கிலோகிராம். ஒரு லிட்டர் ஜெட் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோகிராம் ஆதலின், நிரப்ப வேண்டியது 1,875 லிட்டர்.

அச்சத்தால் இதனினும் மிகுதியாக நிரப்பினால் என்ன? எரிபொருளும் ஒரு சுமையே. சுமையைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும். மிகையாக ஏற்றியதில் மணிக்கு நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு, அதனைச் சுமப்பதற்கே எரிந்துபோகும் என்பர். குறைவாயின் வரும் கேட்டிற்கோ அளவில்லை.

இதற்குச் சான்றாக 1983 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் கனடா நாட்டில் நிகழ்ந்ததைக் கூறலாம். அந்நாடு அப்போது பவுண்டு எடையை விட்டுக் கிலோகிராமுக்கு மாறிக்கொண்டிருந்தது. மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்லும் போயிங் 767 பெருவிமானத்திற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருந்தது. அதன் எரிபொருள் காட்டும் கருவி பழுதுற்றிருந்தமையால், தொட்டியில் எஞ்சியிருந்ததைக் கோல்கொண்டு அளந்தனர். 7,682 லிட்டர் இருந்தது. அதனைக் கிலோகிராமாக மாற்ற 0.8 ஆல் பெருக்கியிருத்தல் வேண்டும். அவர்களோ, பவுண்டுக்குரிய 1.77 ஆல் பெருக்கினர். அதனால், ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் 4,917 லிட்டரே நிரப்பினர். தேவையில் பாதிக்கும் குறைந்த எரிபொருளுடன் விமானம் எழுந்தது.

41,000 அடி உயரத்தில் பறக்குங்கால் எரிபொருள் தீர்ந்தது. இரு பொறிகளும் அடுத்தடுத்து நின்றன. விமானத்தில் 69 பேர் இருந்தனர். தலைமை விமானி ராபர்ட் பியர்சன் பொறியில்லாச் சறுக்கு விமானங்களையும் ஓட்டிப் பழகியவர். அவர் மனந்தளராது, பருந்து சிறகசையாது தாழ்வதுபோல் விமானத்தைச் சறுக்கவிட்டு, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். ஓர் உயிரும் மாளவில்லை. உயரத்தில் இருந்தமையால் சறுக்கிவரத் தொலைவு கிடைத்தது. பயிற்சி இருந்தமையால் அத்தொலைவு பயன்பட்டது.

அன்று தவறியது பெருக்கலன்று, அலகு. எண் சரியாக இருப்பினும் அஃது எதனை அளக்கும் எண் என்பதை அறியாவிடின் பயனில்லை. உயரமாயினும் எரிபொருளாயினும், மிகையும் குறையும் இன்றித் தக்க அளவைத் தெளிந்து, தெளிந்ததை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பவரே பயணத்தை இனிது முடிப்பர். வகுப்பறையில் விடைக்குப் பக்கத்தில் அலகை எழுதும் சிறு பழக்கம், வானில் பல உயிர்களைக் காக்கும் பெரும்பழக்கமாகும்.

பயிற்சி

1. ஜெட் விமானங்கள் உயரப் பறப்பதால் விளையும் நன்மைகள் யாவை? உயரத்திற்கு எல்லை வகுப்பன யாவை?
2. 2,000 கிலோகிராம் எரிபொருள் வேண்டுமெனின் எத்தனை லிட்டர் நிரப்ப வேண்டும்?
3. ‘எரிபொருளும் ஒரு சுமையே’ என்பதை விளக்குக.