வறண்ட மண்ணில் தோட்டம்: கொறங்காட்டைப் பார்த்து வையுங்கள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் ஆண்டு மழை 600 மி.மீ. அளவில்தான். அதை மட்டுமே நம்பி, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்து நிற்கின்றன. சுற்றிலும் கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். வீட்டைச் சுற்றி நாலைந்து சென்ட் இடம் இருந்தால் போதும், இந்த அமைப்பை நாமும் கொண்டுவரலாம்.

1. செடி வாங்கும் முன் தண்ணீரின் போக்கைப் பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. அதைத் தெருவுக்கு விடாதீர்கள். குழாயின் வாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பி, சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி முழங்கால் ஆழத்தில் அகலமாகப் பள்ளம் எடுங்கள். பள்ளத்தின் கரையில் புங்கனும் நொச்சியும் வைக்கலாம். சில நாள் தண்ணீர் நின்றாலும் புங்கன் தாங்கும்.

2. மேற்கு வெயில்தான் சுவரைச் சுடுகிறது. அந்தப் பக்கம் சுவரிலிருந்து 15 அடி தள்ளி ஒரு வேம்பு வையுங்கள். வெள்வேலில் முள் உண்டு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதை வேலியோரம் மட்டும் வைத்தால் போதும்.

3. வேலிக்குக் கிளுவைப் போத்து. மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கம்பி வேலி துருப்பிடிக்கும். இது ஆண்டுக்கு ஆண்டு அடர்ந்துகொண்டே போகும்.

4. ஆவாரையை விதையிலிருந்து வளர்ப்பதே நல்லது. விதைத் தோல் கடினம், அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காமல் போகலாம். ஒரு கைப்பிடி விதையைக் கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைத்துவிட்டு, உப்பாததை மறுபடி தேயுங்கள்.

5. தினமும் தண்ணீர் கேட்கும் புல்தரை நம் வெயிலுக்கு ஆகாது. அந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்கள். புது விதை சரியாக முளைக்காது. ஆறேழு மாதம் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். கோடையில் காய்ந்து பழுப்பாகிவிடும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள். தூர் உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும்.

6. நடவுக்குப் புரட்டாசிக் கடைசி சரியான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் இறங்கிவிடும். ஆளுயரக் கன்றைவிட ஒரு முழக் கன்று மேல். பையிலேயே நாள்பட வளர்ந்த கன்றின் வேர் சுருண்டிருக்கும், அது ஆழம் போகாது.

7. முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் தேவை. கன்றுக்கு அருகே ஒரு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, கொசு புகாதபடி மூடிவையுங்கள். கலயம் கசியக் கசிய வேர் குடிக்கும்.

8. சருகைக் கொளுத்தாதீர்கள், மூடாக்காகப் போடுங்கள். கறையான் ஏறாமலிருக்கத் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடவும்.

9. ஒரு மூலையில் எருக்கு இருக்கட்டும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதன் இலைதான் சாப்பாடு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, கவனம்.

10. சீமைக் கருவேலம் தலைகாட்டினால், மழை பெய்து மண் இளகியிருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். வளர்ந்த பிறகு தரைமட்டத்தில் வெட்டினால் அடியிலிருந்து பல கிளையாகத் தழைக்கும். அப்போது கடப்பாரை போட்டு அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.