குழாய்க்குள் பார்க்கும் கேமரா: வாங்கும் முன் ஐந்து கேள்விகள்



ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள் பெரியவர்கள். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஓட்டையில் கையையும் விடக்கூடாது. தேள் இருக்கலாம், பாம்பு இருக்கலாம். இதற்கு உதவும் கருவிதான் எண்டோஸ்கோப் கேமரா. ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பார்களே, அதன் தம்பி மாதிரி. நீளமான ஒயர், நுனியில் குட்டிக் கேமரா, அதைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள். மறுமுனையை செல்போனில் சொருகினால் படம் தெரியும். சாதாரண வகை ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் அந்தக் காசும் வீண். முதலில் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. தலை எவ்வளவு பருமன்?
5.5, 7, 8 மி.மீ. என்று பல அளவு உண்டு. சிங்க் குழாய்க்கு 8 போதும். சின்ன ஓட்டைக்கு 5.5 தான் சரி. நம் வீட்டில் பார்க்க வேண்டிய ஓட்டையை ஸ்கேலால் அளந்துவிட்டு கடைக்குப் போகணும்.

2. ஒயர் எப்படி?
நீளம் மட்டும் பார்த்தால் போதாது. மெத்தென்ற ஒயர் மேலிருந்து கீழே இறக்க நல்லது. படுத்திருக்கும் குழாயில் தள்ளினால் சுருண்டு கொள்ளும். அதற்கு விறைப்பான ஒயர் வேண்டும். ஆனால் ரொம்ப விறைப்பாக இருந்தால் வளைவில் திரும்பாது.

3. எவ்வளவு தூரத்தில் தெளிவு?
செல்போன் கேமரா தானே குவியத்தைச் சரிசெய்யும். மலிவான இந்தக் கேமராவில் பெரும்பாலும் லென்ஸ் அசையாது. அட்டையில் 3 முதல் 8 செ.மீ. என்று போட்டிருந்தால் அந்தத் தூரத்தில்தான் தெளிவு. மற்றதெல்லாம் மங்கல்.

4. தண்ணீர் தாங்குமா?
ஐ.பி. 67 என்று இருக்கிறதா பாருங்கள். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். இது நுனிக்குத்தான், போனில் சொருகும் பக்கத்துக்கு இல்லை.

5. நம் போனில் வேலை செய்யுமா?
போனில் ஓ.டி.ஜி. வசதி வேண்டும். பென் டிரைவ் சொருகினால் திறக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு, கடையிலேயே நம் போனில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். ஓ.டி.ஜி. இல்லாவிட்டால் வைஃபை வகை இருக்கிறது, விலை கூடுதல்.

பிக்சல் பற்றிக் கேட்கலையே என்பீர்கள். 640 × 480 என்றால் 3,07,200 புள்ளிகள். 1280 × 720 என்றால் 9,21,600, அதாவது மூன்று மடங்கு. ஆனால் அடைப்பு எங்கே என்று பார்க்க முதலாவதே போதும். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு சமையலறைத் தண்ணீர் போகாமல் தேங்கியது. தரை முழுக்க உடைக்கணும் என்றார் வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கு அப்போது சரியாக வேலை இல்லை. அம்மா முகம் வாடிப்போச்சு. பைக் மெக்கானிக்கான என் மாமா இந்தக் கேமராவோடு வந்தார். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது என்று முதலில் அதை இறைத்தார். ஒயரில் அடிக்கு ஒரு டேப் சுற்றியிருந்தார். நாலாவது டேப் உள்ளே போனதும் திரையில் வேப்பமர வேர் தெரிந்தது! அந்த ஓர் இடத்தில் மட்டும் தோண்டினோம். தரை தப்பியது.

உங்களுக்குத் தெரியுமா? வளைந்த கண்ணாடி இழை வழியே ஒளி போவது முழு அக எதிரொளிப்பால். பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸுடன் சேர்ந்து இழைக்கற்றை வழியே படம் அனுப்பியதை 1954இல் நேச்சர் இதழில் எழுதினார். பழைய எண்டோஸ்கோப்புகள் பல அப்படி உருவானவைதான். நாம் வாங்குவதில் நுனியிலேயே சிப் இருப்பதால் ஒயரில் மின்குறிப்புதான் வருகிறது.

கவனம்! கரண்ட் உள்ள சுவிட்ச் போர்டுக்குள் விடாதீர்கள், நுனி உலோகம். காது, மூக்கில் விடவே கூடாது, அது டாக்டர் வேலை. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது குற்றம். இந்தக் கேமராவுக்கான ஆப் நம் தொடர்பு எண்களைக் கேட்டால் அனுமதி தராதீர்கள்.

ஓட்டையை அள, பிறகு கேமராவை வாங்கு. இதை மட்டும் மறக்காதீர்கள்.


ஒன்பதாம் வகுப்பு மாணவி