உற்றார் அருகே குடிபெயர்வோருக்கு

கைக்குழந்தையோடு சென்னையை விட்டுத் திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டருகே குடிபெயரத் தீர்மானித்தவர்கள், பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டுமுன், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அத்தியாவசியம். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 1 வருஷத்துக்குள் பெயரைப் பதியக் கட்டணமில்லை, பிறகோ தாமதக் கட்டணம் செலுத்த நேரும். தடுப்பூசி அட்டையை லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வைத்துக்கொண்டால், 9 மாதம் நிறைந்ததும் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் புதிய ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, அந்த அட்டையைக் காட்டி, இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். குழந்தை படுத்துப் பழகிய தூளிச் சேலையை மட்டும் துவைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். புது வீட்டில் முதல் சில ராத்திரிகளுக்கு அந்தப் பரிச்சயமான வாசனை பெரும் சகாயம். வீட்டையோ, பாட்டி குடை பிடித்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில், ஆனால் தனி அடுப்போடு அமர்த்துவதே சிலாக்கியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.